ஏறிப்போன ஆறு கிலோ

உள்ள வாக்கா பொன்னியம்மாக்கா, கேட்ட தள்ளு, தெறந்துதான் கீது. நான் எழுந்து வந்து தெறக்கலாம்னா கை ரெண்டும் மீனு. நெத்திலி ஆஞ்சுகினு கீறேன், பாதி கூட முடியல. இந்தக் கையோட பேப்பரத் தொட்டேன்னு வெச்சிக்கோ, நாளிக்கு உன் காயலாங்கடைக்குப் பாரிவாக்கத்துல கீற பூன எல்லாம் வந்து வரிசைல நிக்கும். கொஞ்ச நேரம் உக்காரு. பேப்பரு எங்க போவப் போவுது, தோ மூலைல நாலு மாசத்துது அப்பிடியே கட்டிப் போட்டு கீது. உன்னத்தான் ஆளையே காணோம்.

தராச வண்டிலயேவா வுட்டுட்ட? எறக்கினு வந்து இங்க நெழல்ல வெச்சிடுக்கா, வெயில்ல கெடந்தா பேட்டரி பூடும். ஆங், அங்கியே. தர சமமா கீற எடத்துல வை.

அத்தயா? அத்த ஊட்ல இல்லக்கா. ரேஷன் கடைக்குப் போயிகீது. அந்தக் கைரேக வெக்கற மிஷினு எங்க மாமியார் வெரல மட்டும் ஒத்துக்கவே ஒத்துக்காது. கட்ட வெரல வெச்சு, தொடச்சு, மறுபடி வெச்சு, அடுத்த வெரலு, அடுத்த வெரலு, அப்பாலதான் அரிசி. பன்னெண்டு மணி ஆயிடும். ஐய, எழுந்திரிக்காத. பன்னெண்டெல்லாம் ஆவாது, இப்போ வந்துரும். நீ கால நீட்டி உக்காரு.

இன்னாக்கா அப்பிடிப் பாக்கற? ஆமா, நான்தான் பேசறேன். நான் இந்த ஊட்டுக்கு வந்து மூணு வருஷம் ஆவுது, நீ என் வாயிலேர்ந்து கேட்டது எல்லாம் வாங்கக்கா, தண்ணி குடிக்கிறியாக்கா, அவ்ளோதான. எனக்கு ஆளுங்க முன்னாடி பேச வராது. ஸ்கூல்லயே டீச்சரு பேரு கூப்ட்டா உள்ளேன்னு சொல்ல மாட்டேன், கையத் தூக்குவேன். ஆறாவதோட நின்னதுக்கு அதுவும் ஒரு காரணம்னு வெச்சிக்கோயேன். இன்னிக்கி இன்னாவோ வருது. மீன் ஆயற நேரத்துல யாரு மூஞ்சியும் பாக்க வேணாம் பாரு, அதான்.

உனுக்கு அந்தச் செவப்புப் பெட்டி ஞாபகம் கீதா? நாலு சக்கரம் போட்டது, ஒரு ஆளு உள்ள படுத்துக்கலாம் போல. அதேதான். எங்க நாத்தனாரு ஷோபனா மஸ்கட்டுக்குப் போச்சே, அதோட ஊட்டுக்காரு சிவராமன் அண்ணன் அங்க ஆபீஸ்ல வேல செய்றாரே, அவருகிட்ட. அது கெளம்பறதுக்கு மொத நாளு நீ பேப்பரு எடுக்க வந்த. அதுக்கப்பால இன்னிக்கித்தான் வர.

அந்தப் பெட்டியக் கட்டினது நான்க்கா. பதினஞ்சு நாளு. ஷோபனா சொல்லும், அத்த கொண்டாரும், நான் அடுக்கணும். பிளேனுல பெட்டிக்கு முப்பது கிலோ, கைல எடுத்துகினு போற பைக்கு ஏழு கிலோ, அதுக்கு மேல போனா காசு. இத சிவராமண்ணன் போன்ல பத்து வாட்டி சொல்லிட்டாரு. எங்க அத்த பத்து வாட்டியும் சரி தம்பின்னு சொல்லிட்டு, போன வெச்சிட்டு, இன்னொரு டின்னத் தூக்கினு வரும்.

மொளகாத் தூளு ரெண்டு கிலோ. அது இல்லாம சாம்பார்த் தூளு. வத்தலு, வடாம், நார்த்தங்கா ஊறுகா. முறுக்கு ஒரு டின்னு, அமுக்கி அமுக்கிப் போட்டது. அதுக்கு மேல தோசக்கல்லு. சிரிக்காதக்கா, நெஜமா தோசக்கல்லு, இரும்புக் கல்லு, எங்க ஊட்ல வெச்சு மாவு ஊத்திப் பழக்கினது. அங்க கடைல ஒட்டாத கல்லுதான் கெடைக்குமாம். அதுல சுட்டா தோச வழுக்கினு போவுதாம், ஓரத்துல மொறுகவே மாட்டுதாம். அத்த கேட்டுச்சு, மருமவப் புள்ள அதத் தின்னுட்டா ஆபீஸுக்குப் போறாருன்னு. கண்ணுல தண்ணி வந்துருச்சு அதுக்கு. தோசக்கல்லு உள்ள போச்சு.

இதுல ஊர்க்காரங்க வேற. யாரு ஊட்ல பெட்டி கட்றாங்கன்னு மோப்பம் புடிச்சு வருவாங்க போல. பக்கத்து ஊட்டு வஹீதுன்னிசா அக்கா வந்தாங்க, அவங்க தம்பி ராஷித்து அங்க கடைல வேல செய்றான், அவனுக்கு ஒரே ஒரு லுங்கின்னு குடுத்தாங்க. தூக்கினா கனம். பிரிச்சுப் பாத்தா லுங்கிக்குள்ள ஒரு தேன் பாட்டிலு, பாட்டிலு ஒடையாம இருக்கறதுக்கு அதச் சுத்தி இன்னொரு லுங்கி, அந்த லுங்கிக்கு நடுவுல ஒரு கிலோ கருப்பட்டி. ஒரே ஒரு லுங்கி. அத்த மூஞ்சில அறைஞ்ச மாதிரி சொல்ல முடியாம, சரி வைடின்னுச்சு. வெச்சேன்.

இப்போ எட போடணுமே. கொக்கி மாட்டித் தூக்கற தராசு ஒண்ணு கடைல விக்குது, அத வாங்கலாம்னு ஷோபனா சொன்னதுக்கு, ஒரு நாளு கூத்துக்கு ஒரு தராசான்னு அத்த கத்துச்சு. நான் பெட்டியத் தூக்கிப் பாத்து ஒரு குத்துமதிப்பா சொல்றேன்னு அத்தயே தூக்குச்சு. இடுப்பு புடிச்சிகிச்சு. சரியா அப்போ தெருவுல உன் கொரலு, பழைய பேப்பரு, இரும்பு, பிளாஸ்டிக்குன்னு. எங்க அத்த மூஞ்சியப் பாக்கணுமே நீ. அப்பிடியே வெளக்கு ஏத்தின மாதிரி. பேப்பரும் போட்ட மாதிரி ஆச்சு, பெட்டியும் எட போட்ட மாதிரி ஆச்சு, காசும் இல்லன்னு.

நீதானக்கா பெட்டியத் தூக்கி வெச்ச. இருவத்தி ஒம்போது புள்ளி ஒம்போது. நம்பரு எனக்கு நல்லா ஞாபகம் கீது, நான்தான் குனிஞ்சு படிச்சேன். கைப்பைய வெச்சோம், ஆறு புள்ளி ஒம்போது. அத்த கையத் தட்டுச்சு. அதுக்கு எவ்ளோ பெருமன்னா, பாத்தியாடி என் கை கணக்குன்னு நூறு கிராமு கம்மியா கட்டினத அது கட்டின மாதிரி சொல்லிகிச்சு. உனுக்கு டீ குடுத்துச்சு, கூட ரெண்டு முறுக்கு. நீ கூட நல்லா கீதுன்னு சொன்ன.

அடுத்த நாளு வேனு புடிச்சு எல்லாரும் மீனம்பாக்கம் போனோம். உள்ள வுட மாட்டாங்க தெரியுமில்ல? டிக்கெட்டு இருந்தாத்தான் உள்ள. துப்பாக்கி வெச்சிகினு ஒரு போலீசு வாசல்லயே நிக்கறாரு. ஷோபனா வண்டியத் தள்ளிகினு உள்ள போச்சு, நாங்க கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு கைய ஆட்டினோம். அது போன அப்பறமும் அத்த ஆட்டிகினே இருந்துச்சு, வேற யாரோ ஒரு பொம்பள அதப் பாத்துத் திருப்பி ஆட்டிச்சு.

கால் மணி நேரம் ஆவல, போன் வருது. அத்த ஸ்பீக்கருல போட்டுச்சு. ஷோபனா அழுவுது. அம்மா, முப்பத்தி ஆறுன்னு காட்டுதும்மா.

ஆமாக்கா. முப்பத்தி ஆறு. நீ இன்னாத்துக்கு முருங்க மரத்தப் பாக்கற, என்னப் பாரு.

அத்த சொல்லுது, மறுபடி வைக்கச் சொல்லுடி, அவங்க மிஷினு கெட்டுப் போயிருக்கும்னு. மறுபடி வெச்சாங்களாம், அதே முப்பத்தி ஆறு. பக்கத்து மிஷினுல வெச்சாங்களாம், அதுலயும் முப்பத்தி ஆறு. கைப்பையயும் வாங்கி வெச்சிருக்காங்க, அது எட்டு கிட்ட காட்டுது. கவுண்டர்ல கீற பொண்ணு சிரிச்சிகினே சொல்லுதாம், கூட கீற ஒவ்வொரு கிலோக்கும் இவ்ளோ காசு மேடம்னு. அந்தக் காசக் கேட்டுட்டு ஷோபனாவுக்கு அழுகையே நின்னு போச்சு.

அதே எடத்துல, வரிசைல நூறு பேரு நிக்கறாங்க, தரைல பெட்டியத் தொறந்து போட்டு உக்காந்துருச்சு. உள்ள கீற துணி எல்லாம் வெளிய, பாவாட எல்லாம் வெளிய, பின்னாடி கீற ஆளு தாண்டித் தாண்டிப் போறாங்களாம். மொதல்ல இன்னா பண்ணுச்சு, துணியோட கனத்தக் கொறைக்கலாம்னு போட்டுகினு இருந்த சுடிதாரு மேலயே இன்னொரு சுடிதாரு, அதுக்கு மேல சிவராமண்ணன் கோட்டு. கோட்டு பாக்கெட்டு ரெண்டுலயும் மொளகாத் தூளு. சென்ன வெயிலுக்கு. ஏன்னா கோட்டுல கீறத யாரும் எட போட மாட்டாங்க பாரு. இது எனக்குப் புரியவே மாட்டுதுக்கா. ஷோபனா எம்பத்தி ரெண்டு கிலோ கீது, அதுக்கு ஒண்ணும் கேக்கல. நான் போனா நாப்பத்தி நாலுதான் இருப்பேன். மிச்சத்த எனக்குப் பெட்டில குடுக்கலாமில்ல? கேட்டா குடுக்க மாட்டாங்களாம். கருப்பட்டிதான் அவங்க கண்ணுக்கு கனமாத் தெரியுது.

அப்பறம் ஊறுகா. கைப்பைய மறுபடி எட போட மாட்டாங்கன்னு ஊறுகாவ பெட்டிலேர்ந்து அதுக்கு மாத்துச்சு. தோசக்கல்லயும் மாத்துச்சு. உள்ள பரிசோதன பண்ற எடத்துல ஊறுகா தண்ணி, எடுத்துகினு போவக் கூடாதுன்னுட்டாங்களாம். நார்த்தங்கா எப்பிடிக்கா தண்ணி ஆவும்? உப்புல ஊறி கல்லு மாதிரி கீது. அத அங்கியே கூடைல போட்டுட்டாங்க. தோசக்கல்லு மிஷினுல ரவுண்டா கருப்பா தெரிஞ்சுதாம், நாலு பேரு கூடிட்டாங்க. ஒருத்தரு தட்டிப் பாக்கறாரு, ஒருத்தரு மோந்து பாக்கறாரு. அதுல ஒருத்தரு மட்டும் நம்ம பக்கத்து ஆளு போல. அவருதான், ஐய, தோசக்கல்லுப்பா, அனுப்புன்னாராம்.

அந்தப் பரிசோதனைக்குப் போறதுக்கு முன்னாடியே முறுக்கு டின்னு, தேனு, கருப்பட்டி, வடாம், சாம்பார்த் தூளு எல்லாத்தையும் ஒரு பையில போட்டு ஷோபனா வாசலுக்குத் திரும்பி வந்துச்சு. போலீசு நடுவுல நிக்கறாரு. அந்தப் பக்கத்துலேர்ந்து அது நீட்டுது, இந்தப் பக்கத்துலேர்ந்து அத்த வாங்குது. ரெண்டு சுடிதாரு, கோட்டு, வேர்வ, கண்ணு மையி எல்லாம் எறங்கி. அத்தயப் பாக்கல அது. என்னப் பாத்துச்சு. பாத்துட்டு, நல்லாருன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போயிருச்சு.

வேன்லயே ஆரம்பிச்சாங்க. நேத்து முப்பது கூட இல்லாத பெட்டி இன்னிக்கி எப்பிடி முப்பத்தி ஆறு ஆச்சு? பெட்டி சாவி யாருகிட்ட இருந்துச்சு? என்கிட்ட. பெட்டி யாரு ரூமுல இருந்துச்சு? என் ரூமுல. ஏன்னா எங்க ஊட்டுக்காரு அசோக்கும் அதே மஸ்கட்டுலதான ஏசி மெக்கானிக்கா கீறாரு. அவருக்கு நான் திருட்டுத்தனமா ஆறு கிலோ சாமான அமுக்கிட்டேனாம். அத்த கேட்டுச்சு, மிஷினு பொய் சொல்லுமாடி, அப்ப யாரு சொல்றான்னு. எனக்கு எங்க வாய் வருது. தலையக் குனிஞ்சிகினேன், அதையே ஒத்துகினதா எடுத்துகிச்சு.

அந்த முறுக்கா? ஒரு வாரம் வெச்சு நாங்கதான் தின்னோம். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நான் ஒரு முறுக்கு எடுத்தா அத்த டின்னப் பாக்கும், என்னப் பாக்கும். கடிக்கற சத்தம் கேக்காம ஊற வெச்சுத் தின்னேன்.

நாலு மாசமா இதே கதைதான்க்கா. பீரோ சாவிய வாங்கி இடுப்புல சொருவிகிச்சு. நான் வெங்காயம் எடுத்தா கூட எத்தினி எடுத்தன்னு கேக்கும். அது போவட்டும், அது எனக்குப் பழகிடுச்சு. இப்போ இன்னான்னா, அவரு எனக்கும் வர்ஷாவுக்கும் விசா எடுத்துட்டாருக்கா. தனியா ஒரு ரூமு பாத்துகீறாரு, மூணு மாசம் அங்க இருந்துட்டு வரலாம். வர்ஷாவ ஆறு மாசக் கொழந்தையா பாத்துட்டுப் போனவரு. இப்போ இது ரெண்டு வயசு, போன்ல அவரப் பாத்தா ஹலோன்னு பேரு வெச்சு கூப்டுது. அப்பான்னு இல்ல, ஹலோ. அவருதான் ஹலோ.

விசா வந்து பத்து வாரம் ஆயிடுச்சு. இன்னும் ரெண்டு வாரத்துல நாங்க போய் எறங்கலன்னா அது செல்லாது. டிக்கெட்டு போட வேண்டியதுதான் பாக்கி. அத்த வேணாம்னு நிக்குது. ஒரு பெட்டி கட்றதுல இத்தினி பொய் சொன்னவள தனியா பிளேனு ஏத்தி அனுப்பினா அங்க போயி இன்னா பேரு வாங்கித் தருவாளோ, என் பொண்ணு ஒரு தடவ அழுதது போதும்னு சொல்லுது. அவரு அம்மா பேச்சத் தட்ட மாட்டாரு. நீ எப்பிடியாவது அம்மாகிட்ட ஒரு தலையாட்டு வாங்கிடு, அடுத்த நிமிஷம் டிக்கெட்டு போட்றேன்னு சொல்றாரு. நான் போயி எப்பிடிக்கா தலையாட்டு வாங்குவேன்? எனக்கு அவங்க தலையப் பாத்தாலே பேச்சு நிக்குது.

இரு, டீ போட்டுத் தரேன். மீனு முடியட்டும். வேணாமா? சரி, தண்ணி அந்தச் சொம்புல கீது.

இந்த நெத்திலிய காலைல வாங்கினேன். மீன்காரம்மா அர கிலோன்னு நிறுத்துச்சு. கையில வாங்கினேன், அர கிலோ மாதிரியே இல்ல. தராசுல மட்டும் அர கிலோ காட்டுது. உக்காந்து ஆயும்போதுதான் தோணுச்சு. விக்கறவங்க தராசு கூட்டிக் காட்டும். அப்போ வாங்கறவங்க தராசு?

நான் ஒண்ணும் சொல்லலியே. சும்மா யோசன. படிக்காதவ யோசன.

வர்ஷா, இங்க வா. பூனைய வுட்டுட்டு வா. பொன்னியம்மா அத்தைக்கு வணக்கம் சொல்லு. அக்கா, இத செத்த உன் தராசு மேல உக்கார வையேன். வெளாட்டுக்குத்தான். அது ரொம்ப நாளா கேக்குது, மார்க்கெட்ல காய் எல்லாம் உக்காருதே நான் உக்காரக் கூடாதான்னு. உக்காரும்மா. ஆடாத, கைய மடில வை. ஆங். எனக்குக் கை மீனு, நீயே படிச்சு சொல்லு.

பத்து புள்ளி ஒண்ணா?

சரி எறக்கி வுடு. போ, பூனையப் போயி பாரு.

முந்தாநேத்து பால்வாடில இது எட பாத்தாங்கக்கா. அட்டைல எழுதிக் குடுத்தாங்க, தோ அந்த அலமாரி மேல கீது, வேணும்னா எடுத்துப் பாரு. பதினொண்ணரை. ரெண்டு நாள்ல ஒன்னரை கிலோ எளச்சிருச்சோ புள்ள? மூணு வேளையும் நல்லாத்தான் தின்னுது.

ஐய, இன்னாத்துக்குத் தராச மடிக்கற? உக்காருக்கா. நான் சண்ட போடற ஆளா? எனக்குச் சண்ட போடத் தெரிஞ்சா நாலு மாசம் முன்னாடியே போட்டிருக்க மாட்டேனா. நீ பேப்பரு வாங்கி, சைக்கிள் மிதிச்சு, பூந்தமல்லி வரிக்கும் தள்ளிகினு போயி, அங்க பெரிய கடைக்காரன் உன்கிட்ட எவ்ளோ அடிக்கிறானோ. அது உன் பொழப்பு. எங்க அத்த புத்திதான் இப்பிடி. பழைய பேப்பரு வாங்கற தராசுல பிளேனுக்குப் போற பெட்டிய வெச்சு எட பாத்துச்சே. உன் மேல தப்பே இல்ல, நீ டீ குடிக்கறதுக்காக வெச்சுக் குடுத்த.

இந்தத் தெருவுல பதினாலு ஊடு கீது. எல்லாரும் உனுக்குத்தான் போடறாங்க. இந்தத் தேவி வாயத் தொறக்க மாட்டான்னு பதினாலு ஊட்டுக்கும் தெரியும். இதுவரிக்கும் தொறக்கலக்கா. அவ்ளோதான் சொல்றேன்.

வேற ஒண்ணும் வேணாம். அத்த வந்ததும் அதுகிட்ட ஒரு வார்த்த சொல்லு. நீ ஏமாத்தினன்னு சொல்ல வேணாம், யாரு சொல்லச் சொன்னா. அந்த வாரம் பேட்டரி வீக்கா இருந்துச்சு, அப்பறமாத்தான் எனக்கே தெரிஞ்சுது, அதுக்கப்பால மாத்திட்டேன், அன்னிக்கிப் பெட்டிய கம்மியா காட்டியிருக்கும்மா, பாவம் அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்னு சொல்லு. நீ சொன்னா நம்பும். நான் சொன்னா நம்பாது, நானா யோசிச்சு நானே சொன்னா அதுவும் ஒரு பொய்யின்னு ஆயிடும். அதுக்குத்தான் உன்ன உக்கார வெச்சுப் பேசிகினு கீறேன். நெத்திலி எப்பவோ முடிஞ்சிருச்சு, நான் ஆஞ்சதையே மறுபடி ஆஞ்சுகினு கீறேன், நீ பாக்கல.

செய்றியா? நல்லா இருப்பக்கா. ஒண்ணே ஒண்ணு. சொல்லும்போது ஆறு கிலோன்னு சொல்லு. பேட்டரி ஆறு கிலோவ முழுங்கிடுச்சுன்னு.

ஏன், ஆறு சொன்னா இன்னா?

நாலுக்கு மேல போவாதா?

ஐய, கணக்கு எல்லாம் எதுக்குக்கா. கிலோக்கு நூத்தி இருவது கிராமா? அதுக்கு மேல நீ எடுக்கவே மாட்டியா? ஆமா, கைப்ப ஏழு காட்டி எட்டு கிட்ட வந்துச்சு, சரிதான். வர்ஷாவும் பதினொண்ணரைக்குப் பத்து, சரிதான். அப்போ முப்பது காட்டின பெட்டி நெஜமா முப்பத்தி நாலு. சரி. உன் தொழிலுக்கு ஒரு மானம் மரியாத கீது, நாலுதான் எடுப்ப, ஆறு எடுக்க மாட்ட. ஒத்துக்கறேன். நீ எடுக்கலக்கா, சும்மா வாய்ல சொல்லு, ஆறுன்னு. அத்தைக்கு முப்பத்தி ஆறுதான் மண்டைல கீது. நாலுன்னு சொன்னா அது வெரல வுட்டு எண்ணும், மிச்சம் ரெண்டு எங்கன்னு கேக்கும்.

மிச்சம் ரெண்டு எங்கன்னு நீயுமா கேக்கற.

சிரிக்காத. நீ சிரிச்சா நான் சொல்ல மாட்டேன்.

அது நான்தான் வெச்சேன்.

சாமானெல்லாம் இல்லக்கா. ஒரு போர்வ. அவரு போன்ல சொன்னாரு. ஒரே ரூமுல எட்டு பேரு படுக்கறாங்க. அதுல ஒருத்தன் ஏசிய பதினாறுல வெச்சிட்டு ரிமோட்ட தலகாணி அடில வெச்சிகினு தூங்கறான். இவரு ஏசி மெக்கானிக்கு, ஊரு ஏசியெல்லாம் ரிப்பேரு பண்றாரு, இவரு ரூமு ஏசிய இவரால ஒண்ணும் பண்ண முடியல. கம்பெனில குடுத்த கம்பளி குத்துதாம். தூக்கமே இல்ல, உன் பொடவ ஒண்ணு குடுத்தனுப்புடின்னாரு. ஒரு பொடவ குளுருக்குப் பத்தாதேன்னு நான் என் பழைய பொடவ நாலு எடுத்து, ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, பகல்ல அத்த தூங்கும்போது கையால தெச்சேன். பதினோரு நாளு ஆச்சு. இத எப்பிடிக்கா அத்தகிட்ட கேக்கறது? அத்த, உங்க புள்ளைக்கு என் பொடவ வேணுமாம், பெட்டில எடம் குடுங்கன்னா? செத்துருவேன்.

நீ எட போட்டியே, இருவத்தி ஒம்போது புள்ளி ஒம்போதுன்னு, அதப் பாத்துட்டுத்தான் எனக்கு தைரியமே வந்துச்சு. எங்கியோ ஒரு கிலோ ரெண்டு கிலோ பாக்கவா போறாங்கன்னு நெனச்சேன். பெட்டிக்கு உள்ள துணி ஒட்டியிருக்குமே, அதுல ஒரு ஜிப்பு கீது, யாரும் தொறக்க மாட்டாங்க. அதத் தொறந்து அடில பரப்பி விரிச்சிட்டேன். ஷோபனா தரைல உக்காந்து எல்லாத்தையும் கொட்டுச்சே, அப்போ கூட அது அதுக்குள்ளதான் இருந்துச்சு. முறுக்கு திரும்பி வந்துருச்சு, தேனு வந்துருச்சு, என் போர்வ மட்டும் ஏறிப் போயிருச்சு. அங்க ஷோபனாவக் கூப்ட இவருதான் ஏர்போர்ட்டுக்குப் போனாரு. பெட்டிய ஷோபனா ஊட்டு ரூமுல வெச்சிட்டு, அது மூஞ்சி கழுவப் போன நேரத்துல ஜிப்பத் தொறந்து எடுத்துட்டாரு. மறுநா காலைல மெசேஜு போட்டாரு, நல்லா தூங்கினேன்னு. அத இன்னும் அழிக்காம வெச்சிகீறேன். அத்த வேன்ல வெச்சு என்னக் கேட்டப்ப நான் தலையக் குனிஞ்சது பயத்துல இல்லக்கா, சிரிப்பு வந்துருச்சு, முறுக்கு டின்னு என் மடிலதான் இருந்துச்சு, நாலு கிலோ யாரு திருடினான்னு தெரியாம ரெண்டு கிலோ திருடினவ நான் அந்த டின்ன…

தோ வரேன் அத்த. மூட்டைய அங்கியே எறக்குங்க, நான் கைய கழுவிட்டு வந்து தூக்கறேன். ஆமா அத்த, பொன்னியம்மாக்காதான். ரொம்ப நேரமா உக்காந்துகினு கீது, உங்களப் பாத்து இன்னாவோ சொல்லணுமாம், அந்தத் தராசு விஷயமா. எனக்கு இன்னா தெரியும், நீங்களே கேளுங்க. அக்கா, காதக் குடு, ஆறு. மறந்துராத, வாய் தவறி நாலுன்னு மட்டும்…